“எங்கள் நாய் கடிக்கவே இல்லை, நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?”

வாசகி எழுதிய கடிதம் நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, நாயின் பெயரையும் மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவர் சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டில், கணவர், இரண்டு பிள்ளைகள், ஓர் இல்லப் பணிப்பெண்ணோடு வசிக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன், தெருவில் பிறந்த கலப்பின நாய் ஒன்றை வீவக வீடுகளில் இத்தகைய நாய்களை வளர்க்க அனுமதிக்கும் ‘அடோர்’ திட்டத்தில் தத்தெடுத்தார்கள். அதன் பெயர் பூந்தி என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்புக்குப் போன நாய், பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுத்தாலும் உறுமாத நாய் என்கிறார். தினமும் காலை ஆறு மணிக்குப் பணிப்பெண் அதை நடக்கக் கூட்டிப்போவார். மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் வாரைக் கழற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. “ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப்போகும்போது நானும் அப்படித்தான் செய்வேன், அந்த நேரத்தில் கீழே யாரும் இருக்க மாட்டார்கள்” என்று கடிதத்தின் நடுவே ஒரு வரி வருகிறது.

போன மாதம் ஒரு விடியற்காலை, சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து திரும்பிய 74 வயதுப் பெரியவர் ஒருவர், புளோக்கின் திறந்த தரைத்தளமான வாய்ட் டெக்கில் தூண் ஓரமாகத் திரும்பியிருக்கிறார். அதே புளோக்கில் இருப்பவர்தான். பூந்தி வாலாட்டிக்கொண்டே அவரை நோக்கி ஓடியிருக்கிறது. அவர் பதறிப் பின்வாங்கி, தடுமாறி, கையை ஊன்றி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. விழுந்தவரின் கையையும் முகத்தையும் நாய் நக்கியிருக்கிறது. முழங்காலுக்குக் கீழே நகம் கீறிய தடமும் உண்டு.

தீபாவளிக்கு முறுக்கும் நோன்பு மாதத்தில் கஞ்சியும் கைமாறும் அளவுக்குப் பழகிய இரண்டு குடும்பங்கள் இவை. இப்போது பெரியவரின் மகன் 15,000 வெள்ளி கேட்கிறார். தராவிட்டால் அதிகாரிகளிடமும் போலீசிலும் புகார் கொடுப்பேன் என்கிறார். வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேட்கிறார். “நாய் நக்கியதைப் பெரிதாக்கி மதத்தை இழுக்கிறார்” என்பது வாசகியின் வருத்தம். அவருடைய கணவர் மூன்று யோசனைகள் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போகாதே, அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். யாராவது விசாரித்தால் வார் கையிலிருந்து நழுவிவிட்டது என்று சொல். பணம் தர நேர்ந்தால் பணிப்பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்.

கடிக்காத நாய்க்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு, பூந்தியை வீவக எங்களிடமிருந்து பிரித்துவிடுமா என்று வாசகி கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவர் சொன்ன மூன்றில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன், “பூந்தி கடிக்கவே இல்லை” என்று கடிதம் முழுக்க நீங்கள் திரும்பத் திரும்ப எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். நீங்கள் உண்மையைத்தான் சொல்கிறீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் வழக்கில் அந்த உண்மைக்கு நீங்கள் நினைக்கிற எடை கிடையாது.

சிங்கப்பூரில் விலங்குகள், பறவைகள் சட்டத்தின் கீழ், நாய் உரிமம், கட்டுப்பாடு பற்றிய விதிகள் 2007 முதல் இருக்கின்றன. பொது இடத்தில் எந்த நாயாக இருந்தாலும் வாரில்தான் இருக்க வேண்டும் என்பது அதில் உள்ள விதி. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். கடித்ததா, குரைத்ததா, சாதுவா, முரடா என்ற கேள்வியே அதில் இல்லை. வார் இல்லாமல் பொது இடத்தில் நாயை விட்ட அந்தக் கணமே விதி மீறப்பட்டுவிடுகிறது. பெரியவர் அன்று காலை அந்தப் பக்கம் வராமலே இருந்திருந்தாலும் மீறல் மீறல்தான்.

வார் கட்டாயம் என்பது பிட் புல், அகிதா, ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற நாய்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தச் சாயல் இருக்கிறது. தனிப் பட்டியலில் வரும் அந்த இனங்களுக்கு வாரோடு வாய்க்கூடும் கட்டாயம். கருத்தடை, குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்பீடு போன்ற கூடுதல் நிபந்தனைகளும் இனத்தைப் பொறுத்து உண்டு. அவை கூடுதல் நிபந்தனைகள் மட்டுமே. வார் எல்லா நாய்க்கும் பொது, கைப்பையில் அடங்கும் சிவாவாவுக்கும் சேர்த்து.

வாய்ட் டெக் பொது இடமா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், பொது இடம்தான். நம் புளோக், நம் தூண், நம் கல்மேசை என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. அதே உரிமையோடுதான் மற்ற மாடிகளில் இருப்பவர்களும் அங்கே இறங்குகிறார்கள். கடிதங்களைப் போட வருபவர், ஏழாம் மாடிக்கு உணவு கொண்டுவரும் இளைஞர், குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிவரும் தாய் என்று புளோக்கைச் சேராதவர்களும் வருகிறார்கள். ‘அந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில்தான் பள்ளிவாசலுக்குப் போனவர்கள் திரும்புகிறார்கள், முதல் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள் இறங்குகிறார்கள், வயதானவர்கள் வெயிலுக்கு முன் நடக்க வருகிறார்கள். அதோடு அரை இருட்டு வேறு. தூணுக்குப் பின்னாலிருந்து எது வருகிறது என்று யாருக்கும் தெரியாத நேரம் அது.

பொறுப்பு எங்கிருந்து வருகிறது

அபராதம் அரசுக்கும் உங்களுக்கும் இடையிலான விஷயம். பெரியவருக்கு இழப்பீடு என்பது தனி. அது கவனக்குறைவு பற்றிய பொதுச் சட்டத்தில் வருகிறது. நியாயமான கவனம் உள்ள ஒருவர் இதை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருப்பாரா, தடுத்திருப்பாரா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். கட்டாமல் விட்ட நாய் ஒருவரை நோக்கி ஓடும், அதைப் பார்த்துப் பயந்தவர் பின்னால் நகர்வார், வயதானவர் என்றால் விழுவார், விழுந்தால் எலும்பு முறியும். இதில் எந்தப் படியும் யாரும் எதிர்பார்க்க முடியாத அதிசயம் இல்லை. நாயால் ஒரு மனிதருக்குக் காயம் ஏற்படும் வழிகளில் கடி ஒன்று மட்டுமே. அன்போடு பாய்ந்தாலும் எழுபது வயதுக்கு மேல் மணிக்கட்டும் இடுப்பும் தாங்காது.

‘அவர் பயந்திருக்கத் தேவையே இல்லை, பூந்தியைத் தெரியும்தானே’ என்கிறீர்கள். பூந்தியின் குணம் உங்கள் வீட்டாருக்குத் தெரியும். எதிரே வருபவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு நாய் வேகமாக வருகிறது என்பது மட்டும்தான். அதை எடைபோட அவருக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. வார் இருந்தால் அவர் எடைபோடவே வேண்டியதில்லை. உங்கள் நாயைப் பற்றி எதுவும் தெரியாமலே ஒருவர் நிம்மதியாகக் கடந்துபோக அதுதான் வழி. நல்ல நாய் என்பதால் வார் வேண்டாம் என்று சொல்லும்போது, அந்த நல்ல குணத்தை நம்பும் வேலையை வழியில் வரும் ஒவ்வொருவர் தலையிலும் சுமத்துகிறோம்.

போலீஸ் என்று மகன் சொன்னதை வெறும் மிரட்டல் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். எலும்பு முறிவு நம் குற்றவியல் சட்டத்தில் கொடுங்காயம் என்ற வகையில் வருகிறது. தன் வசம் இருக்கும் விலங்கால் உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்ளாமல் விடுவதைப் பற்றி 289ஆம் பிரிவும் இருக்கிறது. உங்கள் விஷயம் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் இதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இருக்கும் விலங்குநல, கால்நடை மருத்துவச் சேவைதான் கவனிக்கும். ஆனாலும் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

நக்கியதைப் பற்றி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய பகுதி இதுதான்.

மகன் மதத்தை இழுக்கிறார் என்கிறீர்கள். நடந்ததை அவர்கள் பக்கத்திலிருந்து பாருங்கள். சிங்கப்பூர் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி நெறிப்படி, நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். அப்படிச் சுத்தம் செய்த பிறகுதான் தொழ முடியும். தொழுதுவிட்டு வந்த மனிதர், முறிந்த கையோடு, முகத்திலும் கையிலும் எச்சிலோடு தரையில் கிடந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்குக் கட்டுப் போட்ட கையை எப்படிக் கழுவுவது, அடுத்த தொழுகைக்கு என்ன செய்வது என்ற கவலையும் இருந்திருக்கும். வலியைவிட அது அவரை வருத்தியிருந்தாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை. மகன் அதைச் சொன்னது உங்களைக் குத்திக்காட்ட என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்கு நேர்ந்ததில் அது ஒரு முக்கியமான பகுதி, அதனால் சொல்கிறார்.

இழப்பீட்டுக் கணக்கில் இதற்கென்று ஒரு தொகை வராது. ஆனால் இந்த ஊரில் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்கும் நாம், வாரைக் குட்டையாகப் பிடிப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம். அவர் உங்கள் வீட்டில் நாய் வளர்ப்பதை எதிர்க்கவில்லை, இத்தனை ஆண்டுகளில் ஒரு புகாரும் சொல்லவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கஞ்சியும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தப் பெருந்தன்மைக்கு நீங்கள் செய்ய வேண்டியிருந்தது வாரைக் கழற்றாமல் இருப்பது மட்டும்தான்.

வெறிநாய்க்கடி பற்றிய அவர்களின் பயத்துக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். சிங்கப்பூரில் 1953 முதல் அந்த நோய் இல்லை. பூந்தி இங்கேயே பிறந்து வளர்ந்த நாய் என்பதையும், அதன் தடுப்பூசி அட்டையையும் அவர்களிடம் காட்டுங்கள். நகக்கீறலுக்கு டெட்டனஸ் ஊசி தேவையா என்பதை அவரைப் பார்த்த மருத்துவர் சொல்வார். ஊரில் வளர்ந்து இங்கே வந்த பெரியவர்களுக்கு நாய் என்றாலே அந்தப் பயம் முதலில் வரும், அதை அறியாமை என்று பேசிவிடாதீர்கள்.

பணிப்பெண்ணின் தலையில் போடாதீர்கள்

‘வாரைக் கழற்றியது அவள்தான்’ என்று நீங்கள் எழுதியது உண்மை. ஞாயிறுதோறும் நீங்களும் கழற்றுவீர்கள் என்பதும் உண்மை. அவர் உங்கள் வேலையாக, உங்கள் நாயை, நீங்கள் காட்டிய வழக்கப்படி கூட்டிப்போனவர். வேலையின்போது ஊழியர் காட்டும் கவனக்குறைவுக்கு முதலாளி பொறுப்பு என்பது சட்டத்தில் ஊறிப்போன கொள்கை. அதனால் பெரியவர் தரப்பு உங்களைத்தான் கேட்கும், கேட்பதும் சரி.

சம்பளத்தில் பிடிப்பது வேறு ஒரு தவறாகிவிடும். இல்லப் பணிப்பெண்ணுக்குப் பேசிய மாதச் சம்பளத்தை முழுமையாகக் கொடுக்க வேண்டும் என்பது வேலை அனுமதியோடு வரும் நிபந்தனை. இப்படிப் பிடித்தால் மனிதவள அமைச்சிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது நாய் சம்பந்தமாக ஒரு பிரச்சினை. அப்போது உங்கள் பெயரில் இரண்டு பிரச்சினைகள். பணிப்பெண்ணுக்காக எடுத்த விபத்துக் காப்பீட்டில் கேட்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். முடியாது, அது அவருக்கு விபத்து நேர்ந்தால் உதவுவதற்கானது.

இன்னொன்று. நாயைக் கூட்டிப்போகச் சொல்லும் முன், அவருக்கு நாயோடு பழக்கம் உண்டா என்று கேட்டீர்களா? வார் எப்படிப் பிடிப்பது என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? பூந்தியோடு பயிற்சி வகுப்புக்குப் போனது நீங்களும் கணவரும். தினமும் வாரைப் பிடிப்பது அவர். பல வீடுகளில் நிலைமை இப்படித்தான் இருக்கிறது. விபத்து நடந்ததும் கேள்வி கேட்கப்படுவது மட்டும் அவரை. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியவில்லை.

மன்னிப்பு, காப்பீடு, பொய்

இன்றைக்கே காப்பீட்டுப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். வீவக கடனோடு வந்த தீக் காப்பீடு இதற்கு உதவாது, அது வீட்டின் கட்டமைப்புக்கு மட்டும். வீட்டுப் பொருள்களுக்கென்று தனியாக ஒரு காப்பீடு எடுத்திருந்தால், அதில் ‘மூன்றாம் தரப்பினருக்கான பொறுப்பு’ என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். குடும்பத்தாராலோ வளர்ப்பு விலங்காலோ மற்றவருக்கு நேரும் காயத்தைப் பல பத்திரங்கள் அதில் சேர்த்திருக்கும். பூந்திக்கு வளர்ப்புப்பிராணிக் காப்பீடு இருந்தால் அதிலும் பாருங்கள். இருந்தால் உடனே அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தாமதித்தால் அதையே காரணம் காட்டி மறுக்க இடம் கொடுத்ததாகும். அவர்கள் சம்மதம் இல்லாமல் தொகை எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றும் பத்திரத்தில் பெரும்பாலும் இருக்கும்.

உங்கள் கணவரின் பயத்தில் பாதி நியாயம் இங்கேதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் வார்த்தை பிறகு சாட்சியமாக வரலாம். அதற்காக, பழகிய மனிதர் கை முறிந்து கிடக்கும்போது ஒரு மாதமாக எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வருத்தம் தெரிவிப்பது வேறு, இவ்வளவு தருகிறேன் என்று வாக்குக் கொடுப்பது வேறு. “ஹாஜியார், எங்கள் நாயால் நீங்கள் விழுந்துவிட்டீர்கள், எங்களுக்கு ரொம்ப வருத்தம், கை இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்பதால் நீங்கள் இழக்கப்போவது எதுவும் இல்லை. நாய் வாரில் இல்லை என்பது பணிப்பெண்ணுக்குத் தெரியும், பெரியவருக்குத் தெரியும், மின்தூக்கி முகப்பில் கேமரா இருந்தால் அதிலும் பதிவாகியிருக்கும். எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை மறைக்க நீங்கள் இப்போது விலையாகக் கொடுத்துக்கொண்டிருப்பது அந்த உறவை. இரண்டு பேருமாகப் போங்கள். பூந்தி வேண்டாம். பணப் பேச்சை மகன் எடுத்தால், “கட்டாயம் உட்கார்ந்து பேசுவோம், ரசீதுகளைக் கொடுங்கள், காப்பீட்டிலும் கேட்டிருக்கிறோம்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

வார் நழுவியது என்ற பொய்யை வீட்டுக்குள்கூட மறுபடி பேசாதீர்கள். விசாரிக்க வரும் அதிகாரியிடம் தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். உங்களுடைய இப்போதைய மீறலுக்கு அதிகபட்சம் ஓர் அபராதம். பொய் சொன்னால் சிறைத் தண்டனை வரை போகக்கூடிய வேறொரு குற்றமாகிவிடும். அதோடு அந்தப் பொய்யைப் பணிப்பெண்ணும் சொல்ல வேண்டியிருக்கும். அவரை அந்த நிலையில் நிறுத்த உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

15,000 வெள்ளி சரியா

எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. மருத்துவ அறிக்கை வராமல் யாரும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. தொகையைப் பார்த்துக் கோபப்படுவதைவிட, அது எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். ஒன்று, கையிலிருந்து போன செலவு: மருத்துவமனை, மருந்து, உடற்பயிற்சிச் சிகிச்சை, டாக்சி, கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருந்தால் அந்தச் செலவு. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்து கழிந்ததும் அவர் பணம்தான், ‘அரசாங்கம் கொடுத்துவிட்டதே’ என்று வாதாடாதீர்கள். இன்னொன்று, வலிக்கும் இயலாமைக்கும் உரிய தொகை. அவருக்கு முறிந்தது வலது கை. சாப்பிடுவது, எழுதுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாம் தடைப்பட்டிருக்கும். எலும்பு எப்படிக் கூடுகிறது, விறைப்பு மிஞ்சுமா என்பதைப் பொறுத்து இந்தத் தொகை நிறைய மாறும். அவர் வேலைக்குப் போகிறவராக இருந்தால் இழந்த வருமானமும் சேரும்.

இது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும் விஷயம் என்று நினைத்திருக்கிறீர்கள். உடல் காயத்துக்கான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 60,000 வெள்ளி வரையிலான வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். உடல் காயத்துக்கு வழக்குத் தொடுக்க அவருக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. ஆகவே ‘கொஞ்ச நாள் போனால் ஆறிவிடும்’ என்று காத்திருப்பது உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. வழக்கென்று போனால் இரு தரப்பு வழக்கறிஞர் கட்டணமும் சேர்ந்து, பேசித் தீர்த்திருக்கக்கூடிய தொகையைச் சுலபமாகத் தாண்டிவிடும். வழக்கறிஞர் நான் சொல்கிறேன், நம்புங்கள்.

உங்கள் இடத்தில் நான் தேர்ந்தெடுப்பது சமூக மத்தியஸ்த நிலையத்தை. 1998 முதல் இதற்காகவே இயங்கும் இடம் அது. பயிற்சி பெற்ற தொண்டூழியர்கள் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். செலவு மிகக் குறைவு. தமிழ் பேசும் மத்தியஸ்தர் கிடைப்பாரா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், பெரியவருக்குத் தன் மொழியில் சொல்ல முடிவது பெரிய விஷயம். உடன்பாட்டை எழுதிக் கையெழுத்திட்டால் அது ஒப்பந்தமாக இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அந்தத் தொகை முழுமையான, இறுதியான தீர்வு என்ற வரி அதில் இருக்கட்டும். ‘புகார் கொடுக்கக் கூடாது’ என்ற வரி மட்டும் வேண்டாம். இழப்பீடு அவருக்கு உரியது, அதைக் கொடுக்கிறீர்கள். புகார் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம், அதை விலை பேசினால் நீங்களும் மகனும் சேர்ந்து சிக்கலில் மாட்டுவீர்கள். அதிகாரிகள் அழைத்தால் போங்கள், உள்ளதைச் சொல்லுங்கள், உரிமம், மைக்ரோசிப், கருத்தடைச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கைக்கு மீறிய தொகையாக வந்து, காப்பீடும் இல்லை என்றால், கையெழுத்துப் போடும் முன் ‘புரோ போனோ எஸ்ஜி’ நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு ஒரு முறை போய்வாருங்கள்.

பூந்தி உங்களோடு இருக்குமா

‘அடோர்’ திட்டத்தில் கிடைத்த அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. பொது இடத்தில் வார் என்பதும் அதில் ஒன்று. நிபந்தனை மீறினால் அனுமதியே கேள்விக்கு உள்ளாகும், அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் மற்ற எல்லாம் உங்களிடம் ஒழுங்காக இருக்கிறது, இதுவரை புகார் இல்லை, காயம் நாய் தாக்கியதால் வந்ததில்லை. இதற்கு மேல் பூந்தி வாரில்தான் போகிறது, பணிப்பெண்ணும் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று நீங்கள் காட்ட முடிந்தால் உங்கள் பக்கம் பலப்படும். நாயைத் தத்துக் கொடுத்த குழுவிடமும் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். பயிற்சிக்கு அவர்கள் வழி காட்டக்கூடும்.

தெருவில் பிறந்த நாய்களை வீவக வீடுகளுக்குள் கொண்டுவர இந்த ஊரில் பலர் பல ஆண்டு பாடுபட்டிருக்கிறார்கள். ஒரு பூந்தி வாரில்லாமல் ஒருவரை வீழ்த்தினால், வீடு கிடைக்கக் காத்திருக்கும் அதன் இனத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் அது எதிரான சாட்சியாகிவிடுகிறது. நாய் மேல் அன்புள்ளவர்கள்தான் இதில் முதலில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

வாரைப் பற்றிச் சில நடைமுறை விஷயங்கள். நீளம் மாறாத, ஒன்றரை மீட்டர் அளவு வார் வாங்குங்கள். பட்டனை அழுத்தினால் ஐந்து மீட்டர் ஓடும் வகை வாய்ட் டெக் மூலைகளிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் வார் இல்லாததற்குச் சமம். சைக்கிள்கள் அந்தப் பாதையில் 25 கிலோமீட்டர் வேகம் வரை வரலாம், குறுக்கே நீண்டு கிடக்கும் மெல்லிய கயிறு ஓட்டுபவருக்குத் தெரியாது, அடிபடுவது பூந்தியாகவும் இருக்கலாம். மின்தூக்கியில் ஏறும்போதும் இறங்கும்போதும் நாயை ஒட்டிப் பிடித்து, கதவு மூடும் முன் இருவரும் ஒரே பக்கம் இருப்பதைப் பாருங்கள். உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்று கதவு மூடிக்கொண்டால் வார் நாயின் கழுத்தை நெரித்துவிடும். குரல் கொடுத்தால் நின்றுவிடும் என்பதை நம்பி வாரைக் கழற்ற வேண்டாம். அன்று காலை பணிப்பெண் பூந்தியைக் கூப்பிட்டார், அது நிற்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடி விளையாட வேண்டும் என்றால் பீஷான் - அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா, ஜூரோங் லேக் கார்டன்ஸ் ஆகிய இடங்களில் வேலி போட்ட நாய் விளையாட்டிடங்கள் இருக்கின்றன. அங்கே வாரைக் கழற்றலாம், பூந்தி ஆசை தீர ஓடட்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்குக் கடிதம் நாளையே போகட்டும். பெரியவரைப் பார்க்க அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். இந்த வாரம், பிற்பகல் அஸர் தொழுகைக்கும் அந்தி மஃரிபு தொழுகைக்கும் நடுவே, அவர் வீட்டில் இருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போய்வாருங்கள். நிறுவனம் மறுத்து எழுதினால் அந்தக் கடிதத்தின் பிரதியையும் பத்திரத்தின் பிரதியையும் எனக்கு அனுப்புங்கள், மறுப்பு சரிதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.